இடுப்பில் ரிவால்வர்... ஆனா யெல்லோஸ்டோனில் ஒரு விலங்கைக்கூட சுடல! யார் இந்த டெடி ரூஸ்வெல்ட்?

அமெரிக்காவின் தேசியப் பூங்கா ஒன்றில் நடந்துபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒருவர் குடும்பத்தோடு வருகிறார். அவர் பெல்ட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கைத்துப்பாக்கி தொங்குகிறது. நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் அங்கே பல மாநிலங்களில் இது சட்டப்படி சரிதான்.

காட்டையும் விலங்குகளையும் காப்பாற்ற ஒதுக்கிய இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் போதும். அவர் போகிற இடமெல்லாம் துப்பாக்கியோடு போனவர். வேட்டை என்றால் உயிர். அதே ஆள்தான் அமெரிக்காவில் சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக மாற்றினார்.

அவர் அமெரிக்காவின் 26வது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். செல்லமாக டெடி. (இரண்டாம் உலகப் போர் காலத்தில் அதிபராக இருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட் வேறு ஆள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மூச்சுவிடவே கஷ்டப்பட்ட பையன்

1858 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் ஒரு பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார் ரூஸ்வெல்ட். வசதிக்குக் குறைவில்லை, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. கடுமையான ஆஸ்துமா. ராத்திரியில் படுத்துத் தூங்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கிய குழந்தை அது.

வெளியே ஓடி விளையாட முடியாததால் புத்தகங்களும் விலங்குகளும்தான் நண்பர்கள். சந்தையில் பார்த்த ஒரு சீல் விலங்கின் மண்டையோட்டை வாங்கிவந்து வீட்டிலேயே சின்ன மியூசியம் ஆரம்பித்துவிட்டார். எலி, பறவை, பூச்சி என்று அந்த மியூசியம் வளர்ந்துகொண்டே போனது.

உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார் அப்பா. பையனும் உடற்பயிற்சி, குத்துச்சண்டை என்று இறங்கினான். சுமார் 13 வயதில் கைக்கு முதல் துப்பாக்கி வந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கூட இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்த இலக்கு இவருக்கு மட்டும் தெரியவே இல்லை. கிட்டப்பார்வை! கண்ணாடி போட்ட பிறகுதான் உலகம் எவ்வளவு அழகு என்றே அவருக்குப் புரிந்தது.

அந்தக் காலத்தில் பறவைகளைப் படிக்க வேண்டும் என்றால் சுட்டுப் பிடித்து, பதப்படுத்தி வைப்பதுதான் வழி. அதனால் இயற்கை மேல் இருந்த காதலும் துப்பாக்கி மேல் இருந்த காதலும் இவருக்குள் ஒன்றாகவே வளர்ந்தன. கடைசிவரை இரண்டையும் அவர் பிரிக்கவே இல்லை.

ஒரே நாளில் அம்மாவும் மனைவியும்

ஹார்வர்டில் படிப்பு, 1880இல் ஆலிஸ் லீயுடன் கல்யாணம், 23 வயதிலேயே நியூயார்க் மாநில சட்டமன்ற உறுப்பினர். எல்லாம் நன்றாகத்தான் போனது.

1884 பிப்ரவரி 14. உலகம் காதலர் தினம் கொண்டாடிய நாள். அன்று ரூஸ்வெல்ட்டின் அம்மா டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். சில மணி நேரத்தில் அதே வீட்டின் இன்னொரு அறையில் மனைவி ஆலிஸும் இறந்துபோனார். இரண்டு நாள் முன்புதான் அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ரூஸ்வெல்ட் தன் டைரியில் அன்றைய பக்கத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, கீழே ஒற்றை வரி மட்டும் எழுதினார். அப்போது அவருக்கு வயது 25.

குழந்தையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, மேற்கே டகோட்டா பகுதியின் பேட்லேண்ட்ஸ் என்ற பொட்டல் மலைக்காட்டுக்குப் போய் மாட்டுப் பண்ணை நடத்த ஆரம்பித்தார்.

மதுக்கடையில் நடந்த சம்பவம்

கண்ணாடி போட்ட நகரத்துப் பையனை அந்த ஊர் கவ்பாய்கள் முதலில் மதிக்கவே இல்லை. ஒருநாள் ராத்திரி, மிங்கஸ்வில் என்ற சின்ன ஊரில் (இன்றைய மொன்டானாவின் விபாக்ஸ்) தங்கப்போன இடத்தில், இரண்டு கையிலும் துப்பாக்கியோடு ஒரு போதை ஆசாமி எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருந்தான். ரூஸ்வெல்ட்டைப் பார்த்ததும் நாலு கண்ணன் என்று கிண்டல் செய்து, இவன்தான் எல்லோருக்கும் சரக்கு வாங்கித் தரப்போகிறான் என்று அறிவித்தான்.

ரூஸ்வெல்ட் துப்பாக்கியை எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்தவர், சட்டென்று முகத்தில் மூன்று குத்து விட்டார். அவன் சாயும்போது அவன் துப்பாக்கிகள் வெடித்தன, ஆனால் யாருக்கும் படவில்லை. மயங்கி விழுந்தவனிடம் இருந்து இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்துக்கொண்டார். பிறகு அந்த ஆள் சரக்கு ரயிலேறி ஊரைவிட்டே போய்விட்டான். இதைத் தன் சுயசரிதையில் ரூஸ்வெல்ட்டே விவரித்திருக்கிறார்.

1886இல் இன்னொரு சம்பவம். இவருடைய படகை மூன்று பேர் திருடிக்கொண்டு ஆற்றில் போய்விட்டார்கள். புதுசாக ஒரு படகே கட்டி, பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் பல நாள் துரத்திப் பிடித்தார். அந்த ஊர் வழக்கப்படி அங்கேயே சுட்டோ, தூக்கில் போட்டோ கதையை முடித்திருக்கலாம். இவர் அப்படிச் செய்யவில்லை. கையில் ரைஃபிளோடு, தூங்காமல் காவல் காத்து, டிக்கின்சன் என்ற ஊர் வரை கொண்டுபோய்ச் சட்டத்தின் கையில் ஒப்படைத்தார். வழியில் டால்ஸ்டாயின் அன்னா கரீனினா நாவலையும் படித்து முடித்தார் என்பதுதான் ஹைலைட்!

காட்டெருமை எங்கே போச்சு?

ரூஸ்வெல்ட் முதன்முதலில் டகோட்டாவுக்குப் போனது 1883இல். எதற்குத் தெரியுமா? பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டெருமை அழிவதற்குள் ஒன்றையாவது சுட்டுவிட வேண்டும் என்று! பல நாள் அலைந்த பிறகுதான் ஒன்று கிடைத்தது. ஒருகாலத்தில் கோடிக்கணக்கில் இருந்த மிருகம் அது. தோலுக்காகச் சுட்டுத் தள்ளியதில் சில நூறாகச் சுருங்கிவிட்டது.

பண்ணை வாழ்க்கையில் இதை நேரில் பார்த்தது அவரை மாற்றியது. 1886-87 குளிர்காலத்தில் வந்த பனிப்புயலில் அவருடைய மாடுகளிலேயே பாதிக்கு மேல் செத்துப்போயின. நிலம் தாங்குகிற அளவுக்கு மேல் மாடுகளை மேயவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

1887இல் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் என்ற பத்திரிகை ஆசிரியருடன் சேர்ந்து பூன் அண்டு கிராக்கெட் கிளப் என்ற அமைப்பைத் தொடங்கினார். உறுப்பினர்கள் எல்லோருமே வேட்டைக்காரர்கள். ஆனால் வேலை, காட்டு விலங்குகளைக் காப்பாற்ற சட்டம் கொண்டுவருவது.

சட்டமே இல்லாத பூங்கா

யெல்லோஸ்டோன் 1872இலேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படுவது இதுதான். ஆனால் உள்ளே வேட்டையாடியவனுக்குத் தண்டனை கொடுக்கச் சரியான சட்டம் இல்லை. 1886இல் ராணுவம் காவலுக்கு வந்தது. பூங்காவுக்குள் வருகிறவர்களின் துப்பாக்கிகளுக்கு சீல் வைத்து அனுப்பினார்கள். மீறினால்? பூங்காவைவிட்டு வெளியே அனுப்பலாம், அவ்வளவுதான்.

1894 மார்ச்சில் எட்கர் ஹாவெல் என்ற ஆள் காட்டெருமைகளைக் கொன்று தோலுரித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான். அவனிடம் ரைஃபிள் இருந்தது. பிடிக்கப்போன பூங்காக் காவலரிடம் ஒரு ரிவால்வர் மட்டும்தான். பனியில் சத்தமில்லாமல் நெருங்கி மடக்கினார். ஆனால் பிடித்து என்ன பயன்? தண்டிக்கத்தான் சட்டமில்லையே!

கிரின்னெலின் பத்திரிகையில் செய்தி வந்ததும் நாடே கொதித்தது. ரூஸ்வெல்ட்டும் கிளப் நண்பர்களும் ஏற்கெனவே வாஷிங்டனில் அழுத்தம் கொடுத்து வந்தார்கள். அதே வருஷம் மே 7 அன்று யெல்லோஸ்டோன் விலங்குகளைக் காக்கும் சட்டம் கையெழுத்தானது.

மூழ்கிய கப்பலில் கிடைத்த ரிவால்வர்

1895இல் நியூயார்க் நகர போலீஸ் கமிஷனர்கள் குழுவின் தலைவரானார் ரூஸ்வெல்ட். அப்போது போலீஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு ரகத் துப்பாக்கி வைத்திருந்தார்கள், பயிற்சியும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி .32 கோல்ட் ரிவால்வர், முறையான சுடும் பயிற்சி என்று மாற்றியவர் இவர்தான். துப்பாக்கி வைத்திருப்பது வேறு, அதைக் கையாளத் தெரிவது வேறு என்பதில் தெளிவாக இருந்தார்.

1898 பிப்ரவரியில் கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. 250 பேருக்கு மேல் பலி. ஸ்பெயினுடன் போர் மூண்டது. கடற்படையில் துணைச் செயலாளராக இருந்த ரூஸ்வெல்ட், பதவியை விட்டுவிட்டு ரஃப் ரைடர்ஸ் என்ற தன்னார்வக் குதிரைப்படையோடு போர்க்களத்துக்கே போனார்.

அவர் கையில் இருந்தது ஒரு .38 கோல்ட் ரிவால்வர். மூழ்கிய மெய்ன் கப்பலில் இருந்து மீட்கப்பட்டது அது. கடற்படையில் இருந்த அவர் அக்கா கணவர் கொடுத்தது. ஜூலை 1 அன்று சான் ஹுவான் மலைச் சண்டையில் அதைப் பயன்படுத்தினார். அந்த ஒரு நாள் அவரை நாடறிந்த ஹீரோ ஆக்கியது. இந்த ரிவால்வரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

பாக்கெட்டில் துப்பாக்கியோடு ஒரு அதிபர்

நியூயார்க் ஆளுநர், பிறகு துணை அதிபர். 1901 செப்டம்பர் 6 அன்று அதிபர் மெக்கின்லியை, கைக்குட்டையில் ரிவால்வரை மறைத்து வந்த ஒருவன் சுட்டான். முதலில் பிழைத்துவிடுவார் என்றார்கள். அந்த நம்பிக்கையில் ரூஸ்வெல்ட் மலையேறப் போயிருந்தார். மலையில் இருந்தபோதுதான் நிலைமை மோசம் என்று தகவல் வந்தது. ராத்திரி முழுக்க குதிரை வண்டியில் பயணம். செப்டம்பர் 14 அன்று மெக்கின்லி இறந்தார். 42 வயதில் ரூஸ்வெல்ட் அதிபரானார். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு இளம் வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் வேறு யாரும் இல்லை.

முன்னவர் சுடப்பட்டு இறந்ததால் பதவிக்கு வந்தவர் இல்லையா? பயணம் போகும்போது தானே ஒரு கைத்துப்பாக்கியை வைத்துக்கொள்வது ரூஸ்வெல்ட்டின் வழக்கமானது. ரகசிய சேவைப் படையினர் முழுநேரப் பாதுகாப்பு கொடுக்க ஆரம்பித்த பிறகும் அவர் அதை விடவில்லை.

கரடியைச் சுடாதவர்... எலியைப் பிடித்தவர்!

1902 நவம்பரில் மிசிசிப்பியில் கரடி வேட்டை. கூடப்போனவர்கள் ஒரு கரடியைப் பிடித்து, அடித்து, மரத்தில் கட்டிவைத்து, சுடுங்கள் என்றார்கள். கட்டிப்போட்ட மிருகத்தைச் சுடுவது வேட்டையே இல்லை என்று மறுத்துவிட்டார். அடிபட்டுத் துடித்த அந்தக் கரடியின் வேதனையை முடித்துவைக்க மட்டும் சொன்னார். இது பத்திரிகையில் கார்ட்டூனாக வர, அதை வைத்து ஒரு பொம்மை பிறந்தது. இன்று உங்கள் வீட்டுக் குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் டெடி பியர் அதுதான்!

அடுத்த வருஷம், 1903 ஏப்ரல். இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸுடன் யெல்லோஸ்டோனுக்குப் போனார். அங்கே மலைச்சிங்கங்களை வேட்டையாட அவருக்கு ஆசை இருந்தது. மற்ற விலங்குகளைக் கொல்லும் மிருகம்தானே, சுட்டால் தப்பில்லை என்பது அந்தக் காலத்து எண்ணம். ஆனால் சாதாரண மக்களின் துப்பாக்கிக்கு சீல் வைக்கும் இடத்தில், அதிபர் மட்டும் வேட்டையாடினால் ஊர் என்ன பேசும்? ஆசையை விட்டுவிட்டார்.

இரண்டு வாரத்துக்கும் மேல் அந்தக் காட்டில் இருந்தார். துப்பாக்கியால் ஒரு விலங்கைக்கூட வேட்டையாடவில்லை. அவர் கையால் செத்தது ஒரே ஒரு சின்ன எலி. அதையும் தொப்பியைப் போட்டு அமுக்கிப் பிடித்தார். புது இனமாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் தோலைப் பதப்படுத்தி வாஷிங்டனில் இருந்த விஞ்ஞானிக்கு அனுப்பினார். வீட்டு மியூசியம் நடத்திய அந்தப் பழைய பையன் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறான்.

மே மாதம் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஜான் மியூருடன் மூன்று ராத்திரி முகாம். காடுகளுக்காகவே வாழ்ந்த மனிதர் மியூர், துப்பாக்கி இல்லாமல் மலை மலையாக நடந்தவர். இந்தக் கொல்லும் விளையாட்டுத்தனத்தை எப்போது விடப்போகிறீர்கள் என்கிற மாதிரி அதிபரையே நேராகக் கேட்டுவிட்டார். ரூஸ்வெல்ட் கோபப்படவில்லை. வேட்டையை விட்டுவிடவும் இல்லை. ஆனால் மியூர் கேட்ட இன்னொன்று நடந்தது. 1906இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கும் மாரிபோசா மரத்தோப்பும் மத்திய அரசின் பாதுகாப்புக்குள் வந்தன.

எண்ணிக்கையில் அவர் சாதனை

2 முறை அதிபர் பதவியில் (1901-1909) அவர் செய்தவை:

- 5 தேசியப் பூங்காக்கள்
- 18 தேசிய நினைவுச் சின்னங்கள். 1908இல் கிராண்ட் கேன்யனும் இதில் சேர்ந்தது
- 51 பறவைகள் சரணாலயங்கள். முதலாவது, கூழைக்கடாக்களுக்காக 1903இல் அறிவித்த ஃபுளோரிடாவின் பெலிகன் தீவு
- 150 தேசிய வனங்கள்

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காலி நிலம் என்று நினைத்து ஒதுக்கிய பல இடங்கள், பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண். 1908இல் காட்டெருமைகளுக்காக மொன்டானாவில் எடுக்கப்பட்ட நிலம் ஒரு பூர்வகுடி ஒதுக்கீட்டுப் பகுதிக்குள்தான் இருந்தது. 2020இல் வந்த சட்டத்தின்படிதான் அது அந்த மக்களிடமே திரும்பிப் போனது. காட்டைக் காப்பாற்றியவர் என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பதவி முடிந்ததும் அவர் என்ன செய்தார்? நேராக ஆப்பிரிக்கா. ஸ்மித்சோனியன் மியூசியத்துக்காக நடந்த பயணத்தில் அவரும் மகன் கெர்மிட்டும் சுட்ட விலங்குகள் 512. அறிவியலுக்காக என்றார். அது அப்போதே விவாதமானது, இப்போதும் விவாதம்தான்.

நெஞ்சில் பாய்ந்த குண்டு

1912இல் புதுக் கட்சி தொடங்கி மறுபடி அதிபர் தேர்தலில் நின்றார். அக்டோபர் 14, மில்வாக்கி நகரம். ஹோட்டல் வாசலில் காரில் ஏறி நின்று கூட்டத்துக்குக் கையசைத்தபோது, ஜான் ஷ்ராங்க் என்பவன் சில அடி தூரத்தில் இருந்து சுட்டான். அவன் கையில் இருந்ததும் .38 கோல்ட் ரிவால்வர்தான்.

வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கியோடு திரிந்தவரை அன்று காப்பாற்றியது துப்பாக்கி இல்லை. சட்டைப் பையில் இருந்த இரும்புக் கண்ணாடிக் கூடும், இரண்டாக மடித்து வைத்திருந்த 50 பக்கப் பேச்சும்தான்! இரண்டையும் துளைத்துக்கொண்டு போனதில் குண்டின் வேகம் குறைந்துவிட்டது. உதவியாளர் ஒருவர் பாய்ந்து, சுட்டவனை அமுக்கினார். கூட்டம் அவனை அடித்தே கொன்றிருக்கும். அடிக்காதீர்கள் என்று தடுத்தவர் ரூஸ்வெல்ட்.

இருமிப் பார்த்தார், வாயில் ரத்தம் வரவில்லை. நுரையீரலில் படவில்லை என்று தானே முடிவு செய்து, ரத்தம் ஊறிய சட்டையோடு மேடையேறி ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. குண்டை எடுப்பது ஆபத்து என்று டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். சாகும்வரை அது அவர் உடம்பிலேயே இருந்தது. தேர்தலில் உட்ரோ வில்சனிடம் தோற்றார்.

பிறகு பிரேசில் காட்டு ஆறு ஒன்றில் போய் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்கிற நிலையில் திரும்பினார். 1918 ஜூலை 14 அன்று கடைசி மகன் குவென்டின், முதல் உலகப் போரில் விமானத்தில் பறந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டார். போருக்குப் போவதைப் பெருமையாகப் பேசிய அப்பா, அதன் பிறகு பழைய ஆளாக இல்லை. 1919 ஜனவரி 6 அன்று தூக்கத்திலேயே ரூஸ்வெல்ட்டின் உயிர் பிரிந்தது. வயது 60.

சரி, இப்போ பூங்காவில் துப்பாக்கி கொண்டுபோகலாமா?

ரொம்ப காலம் தடைதான். 1980களின் விதிப்படி, துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, உடனே எடுக்க முடியாதபடி கட்டிவைக்க வேண்டும். 2009இல் கிரெடிட் கார்டு தொடர்பான ஒரு சட்டத்தோடு சேர்த்து இந்த விதி மாற்றப்பட்டது. அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். 2010 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. சுருக்கமாக:

- பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் துப்பாக்கிச் சட்டம்தான் உள்ளேயும் செல்லும். வெளியே தெரியும்படி வைக்கலாமா, மறைத்து வைக்கலாமா, லைசென்ஸ் வேண்டுமா எல்லாமே அதைப் பொறுத்தது.
- யெல்லோஸ்டோன் மூன்று மாநிலங்களில் பரவியிருக்கிறது. அதனால் உள்ளே போகப்போக எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும்.
- பார்வையாளர் மையம், வனக்காவலர் அலுவலகம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் துப்பாக்கி கூடாது.
- வைத்திருக்கலாம் என்றால் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. வேட்டைக்குத் தனியாக அனுமதி உள்ள இடங்கள் தவிர மற்ற இடங்களில் சுடுவது குற்றம்.
- கரடிக்குப் பயந்து துப்பாக்கியா? யெல்லோஸ்டோன் நிர்வாகம் பரிந்துரைப்பது மிளகாய்க் காரம் கலந்த பியர் ஸ்பிரே.

தற்காப்பு எங்கள் உரிமை, பூங்கா வாசலில் அது ஏன் நிற்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. குழந்தைகளும் விலங்குகளும் இருக்கும் இடத்தில் எதற்கு என்பது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் உதாரணத்துக்கு இழுப்பது ரூஸ்வெல்ட்டைத்தான்.

அந்த ரிவால்வர் என்ன ஆச்சு?

மெய்ன் கப்பல் ரிவால்வர், நியூயார்க் அருகே சகாமோர் ஹில்லில் உள்ள அவர் வீட்டில் வைக்கப்பட்டது. அந்த வீடு இப்போது தேசியப் பூங்கா சேவையின் பராமரிப்பில் இருக்கும் மியூசியம். 1963இல் அங்கிருந்து ரிவால்வர் திருடுபோய், சீக்கிரமே கிடைத்தது. 1990இல் மறுபடி காணாமல் போனது. 16 வருஷம் தேடி, 2006இல் எஃப்.பி.ஐ. மீட்டுக் கொடுத்தது.

இப்போது அது மறுபடி சகாமோர் ஹில்லில் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் தங்கள் துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஏனென்றால் அதுவும் ஒரு அரசுக் கட்டடம்தான்.